இரண்டு லைன் இருந்தும் அறுந்த பேச்சு

அவளுடைய பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. டோன் அக்கா என்றால் போதும். பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து டயர் கம்பெனி வரை, போன் வைத்திருக்கிற சின்னச் சின்ன ஆபீஸ்களில் அவளைத் தெரியாதவர் கிடையாது. எங்கே வேலை செய்தாலும், முடிந்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, ஒரு கணம் கண்ணை மூடி, "ம், டோன் வருது" என்று சொன்ன பிறகுதான் ஏணியை மடக்குவாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்.

இந்தத் தொழிலுக்கு அவள் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை. முதலில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிற அழைப்புகளை உள்ளே திருப்பிவிடுகிற வேலை. மழை தூறினாலே அங்கே லைன் செத்துப்போகும். போன் செத்தால் திட்டு இவளுக்கு, சரிசெய்ய வருகிறவருக்கோ டீயும் பிஸ்கட்டும். இது என்ன நியாயம் என்று ஒருநாள் எரிச்சலில் அவர் பின்னாலேயே போய் நின்று, அவர் என்னதான் செய்கிறார் என்று பார்த்தாள். அடுத்த மழைக்கு அவர் வரத் தாமதமானபோது இவளே சுவரிலிருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்து, களிம்பேறிய கம்பி முனையைச் சுரண்டி, மறுபடி முறுக்கிவிட்டாள். போன் அடித்தது. மேனேஜர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. இவளுக்கு மட்டும் அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. கொஞ்ச நாளில் அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு பையும் ஏணியுமாகக் கிளம்பிவிட்டாள்.

போன்கள் தாமிரக் கம்பியை விட்டு இன்டர்நெட்டுக்கு மாறிய காலத்தில், அவளோடு தொழில் செய்த பலர் கடையைக் கட்டினார்கள். இவள் விடவில்லை. ரௌட்டரையும் ஸ்விட்சையும் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிக் கற்றாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடுவார், மறுபடி பள்ளி விடுகிற நேரத்துக்குத்தான் போவார். சமையல் அவர் கையில்தான். "ஊருக்கெல்லாம் லைன் குடுக்கறா, நான் கூப்பிட்டா மட்டும் பிஸி" என்று சொல்லிக்கொண்டே மேசையில் ஒயர்களை ஒதுக்கித் தட்டை வைப்பார்.

அவளுக்கு ஓர் உதவி மையத்தின் வேலை வந்தது இப்படித்தான், யாரோ சொல்லி யாரோ கேட்டு. வீட்டுக்குள் அடி உதைக்கும் மிரட்டலுக்கும் ஆளாகிற பெண்கள் போன் செய்து பேசுகிற இடம் அது. ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கு மேலே, பெயர்ப்பலகை இல்லாத மாடி. திரை போட்ட ஜன்னல்கள். மேசைக்கு மேசை நடுவே தடித்த பஞ்சுத் தடுப்பு. அங்கிருந்த போன்களுக்கு மணிச்சத்தமே கிடையாது. அழைப்பு வந்தால் ஒரு விளக்கு மட்டும் மினுக்கும். அழைப்பை எடுக்கிறவர்களுக்கு அங்கே 'கேட்பவர்' என்று பெயர். ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. அதனால்தான் டோன் அக்காவைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

பொறுப்பாளர் அம்மா நரைத்த தலையும் வெடுக்கென்ற பேச்சுமாக இருந்தார். "எங்க போன் வேலை செய்யலன்னு ஒருத்தி நெனச்சுட்டா, அவ ரெண்டாவது தடவ கூப்பிட மாட்டா. புரியுதாம்மா? லைன் சாகவே கூடாது."

"ரெண்டு லைன் போட்டுடலாம்மா. ஒண்ணு போனா ஒண்ணு தானா எடுத்துக்கும்."

அவள் அந்த வேலையை இழைத்து இழைத்துச் செய்தாள். தெருவுக்கடியில் வருகிற ஃபைபர் ஒன்று. இரண்டாவதையும் தெரு வழியாகவே கொண்டுவந்தால் ஒரே மண்வெட்டிக்கு இரண்டும் போய்விடும் என்று, வேறு கம்பெனியின் வயர்லெஸ் லைனை மொட்டைமாடி ஆன்டெனா வழியாக இறக்கினாள். இரண்டையும் ஒரே பெட்டியில் கோத்தாள். பெட்டி சில நொடிகளுக்கு ஒருமுறை வெளியுலகத்தைக் கூப்பிட்டு "இருக்கியா?" என்று கேட்கும். ஃபைபர் வழியாகப் பதில் வராமல் நின்றால், எல்லாவற்றையும் வயர்லெஸ் பக்கம் திருப்பிவிடும். கரண்ட் போனாலும் ஓட பேட்டரி. பேசிக்கொண்டிருப்பவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று, எந்த விளக்கும் மினுக்காத நேரம் பார்த்து ஃபைபர் கேபிளைப் பிடுங்கிச் சோதித்தாள். போன்களின் திரை ஒரு முறை வெளிறியது, பிறகு ஒவ்வொன்றாக உயிர்பெற்றது. பொறுப்பாளர் அம்மா கைதட்டிவிட்டார்.

"மாறும்போது ஒரு சின்ன தடங்கல் மட்டும் இருக்கும்மா. ஒரு நிமிஷத்துக்குள்ள சரியாயிடும்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

அந்தச் சின்னத் தடங்கலில் என்னென்ன அடங்கும் என்று அவரும் கேட்கவில்லை, இவளும் விரித்துச் சொல்லவில்லை. மற்ற ஆபீஸ்களில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. பேச்சு அறுந்தால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள், "லைன் கட்டாயிடுச்சு சார், சொல்லுங்க" என்பார்கள், முடிந்தது கதை.

சில மாதங்கள் கழித்து அந்தத் தெருவில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். ஒரு மதியம் தோண்டும் இயந்திரம் ஃபைபரைக் கடித்துத் துப்பிவிட்டது. டோன் அக்கா அப்போது பல் டாக்டர் கிளினிக்கில் ஏணி மேல் நின்றிருந்தாள். அவளுடைய மொபைலுக்குப் பெட்டி செய்தி அனுப்பியது: முதல் லைன் இல்லை. பின்னாலேயே இன்னொன்று: இரண்டாவது லைன் எடுத்துக்கொண்டது, எல்லாப் போனும் வேலை செய்கிறது.

"பாத்தியா, நான் இங்க நிக்கறேன், அது பாட்டுக்கு அங்க வேலை பாக்குது" என்று கீழே நின்ற நர்ஸிடம் மொபைலை நீட்டிக் காட்டினாள். பெற்ற பிள்ளை பரிசு வாங்கியதைப் போலப் பூரிப்பு.

சற்று நேரத்தில் பொறுப்பாளர் அம்மா கூப்பிட்டார். "கொஞ்சம் வந்துட்டுப் போம்மா." குரல் தட்டையாக இருந்தது. இவளோ, நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, தோண்டிய மண்ணைத் தாண்டித் தாண்டி அங்கே போனாள்.

மாடியில் ஜன்னலோர மேசையில் ஒரு கேட்பவள் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். இரண்டு கைகளையும் போனுக்கு இருபுறமும் மேசைமேல் அழுத்தி வைத்திருந்தாள், போன் எங்கேயாவது ஓடிவிடும் என்பது போல. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"லைன் மாறிடுச்சும்மா, மெசேஜ் வந்துச்சு" என்று டோன் அக்காவே ஆரம்பித்தாள். "நல்லா வேலை செஞ்சிருக்கு."

"போன் வேலை செய்யுது" என்றார் பொறுப்பாளர் அம்மா. "பேசிட்டிருந்தவ போயிட்டா."

"கட் ஆயிடுச்சா? அது மாறும்போது அப்படித்தாம்மா ஆகும். திரும்பக் கூப்பிட்டா..."

கேட்பவள் அப்போதுதான் நிமிர்ந்தாள். "கூப்பிடக் கூடாதுக்கா."

அவள் சொன்னது இதுதான். அழைத்த பெண் குளியலறைக்குள் இருந்து பேசியிருக்கிறாள். கணவன் அடுத்த அறையில் தூங்குகிறான். பேச்சுச் சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்து விட்டிருக்கிறாள். மொபைல் அவளுடையது அல்ல, அவனுடையது. தலைமாட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறாள். எடுத்த எடுப்பிலேயே, "தயவுசெஞ்சு திரும்ப மட்டும் கூப்பிட்டுடாதீங்க" என்றாளாம். குழந்தையோடு அன்றைக்கே வெளியே வந்துவிடுவது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்து, எங்கே போக வேண்டும், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று கேட்டிருக்கிறாள். கேட்பவள் சொல்ல வாயெடுத்திருக்கிறாள். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. குழாயை மூடிவிட்டாளோ, அவன் எழுந்துவிட்டானோ என்று மூச்சைப் பிடித்துக் காத்திருக்கிறாள். அப்புறம் பார்த்தால் திரையே வெளிறிக் கிடக்கிறது.

"ஒரு நிமிஷத்துல போன் உசிரோட வந்துடுச்சுக்கா. நம்பர் கண்ணு முன்னாடி இருக்கு. ஒரு பட்டன்தான். அம்மா கையப் பிடிச்சுத் தடுக்கலன்னா அமுக்கியிருப்பேன்."

"அமுக்கியிருந்தா அவன் தலைமாட்டுல, இல்ல அவ கையில, அந்த போன் அடிச்சிருக்கும்" என்றார் பொறுப்பாளர் அம்மா. டோன் அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஃபைபரை வெட்டியது நான் இல்லையே என்று டோன் அக்கா சொல்லலாம். தடங்கல் வரும் என்று முன்னாலேயே சொன்னேனே என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான். இரண்டையும் சொல்லாமல் பெட்டியிருந்த அலமாரியைத் திறந்து பார்த்தாள். பச்சை விளக்குகள் சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "யாரோ ரோட்டத் தோண்டுனதுக்கு நீ என்ன பண்ணுவ? சாப்பிடு" என்றார்.

"வெறும் போனை வச்சு சோதிச்சேங்க. யாராவது பேசிட்டிருக்கும்போது சோதிச்சிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா சரி பண்ணியிருப்பேன்."

"பண்ண முடியுமா?"

முடியுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. தட்டில் சோறு ஆறிப்போனது. அவர் அடுப்படியில் பாத்திரம் கழுவப் போனார்.

பேச்சு ஏன் அறுகிறது என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு லைனுக்கும் வெளியுலகத்தில் ஒரு முகவரி உண்டு. நடந்துகொண்டிருக்கும் பேச்சு அந்த முகவரியை நம்பித்தான் போய் வருகிறது. லைன் மாறினால் முகவரி மாறிவிடுகிறது. எதிர்முனை பழைய வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அப்படியானால் வாசலையே ஆபீஸுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தால் என்ன? எங்கோ ஓர் இடத்தில், எப்போதும் அசையாத ஒரு கம்ப்யூட்டர். ஆபீஸிலிருந்து அதுவரைக்கும் இரண்டு லைனிலும் ஒரே குரலை இரண்டு பிரதியாக அனுப்புவது. எது முதலில் போய்ச் சேருகிறதோ அதை அந்தக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு, தன் முகவரியிலிருந்து வெளியே அனுப்பும். ஒரு லைன் செத்தால் இன்னொரு பிரதி வந்துகொண்டேதான் இருக்கும். இப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று படித்திருக்கிறாள். செய்ததில்லை.

மற்ற வேலைகளைத் தள்ளிப்போட்டாள். சாப்பாட்டு மேசை மறுபடி ஒயர்க்காடானது. முதலில் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அதைச் சரிசெய்தால் இரண்டு பிரதியும் சேர்ந்து கேட்டு ஒருவரே இருவராகப் பேசினார். அதையும் ஒருவழியாக அடக்கினால், வயர்லெஸ் பக்கம் நெரிசல் கூடும் நேரங்களில் சொற்கள் பாதி பாதியாக உதிர்ந்தன. போன் சேவைக் கம்பெனியின் உதவிப் பிரிவுக்காரரைக் கூப்பிட்டால், "லைன் மாறும்போது கால் கட் ஆகறது சகஜம்தாங்க, கஸ்டமரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்க" என்றார் பணிவாக. அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை. இவளும் அதையேதான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுநடுவே மையத்துக்குப் போவாள். படியேறும்போதே ஜன்னலோர மேசைக் கேட்பவளின் முகத்தைத்தான் தேடுவாள். அவள் லேசாகத் தலையை ஆட்டுவாள், அந்தப் பெண் இன்னும் கூப்பிடவில்லை என்று. ஒருநாள் அந்த மேசை காலியாக இருந்தது. "லீவுல இருக்கா" என்றார் பொறுப்பாளர் அம்மா. "எந்த விளக்கு மினுக்கினாலும் அவதான் ஓடி ஓடி எடுக்கறா. சாப்பிடக்கூட எழுந்திருக்கறதில்ல. நான்தான் கட்டாயப்படுத்தி அனுப்பினேன்."

கேட்பவள் லீவு முடிந்து திரும்பிய வாரத்தில்தான் புதிய ஏற்பாடு மையத்தில் பொருத்தத் தயாரானது. இந்தத் தடவை சோதனையை எப்படிச் செய்வது என்று டோன் அக்கா தீர்மானமாக இருந்தாள். ஒரு மேசையை மட்டும் ஒதுக்கிப் புதிய வழியில் இணைத்தாள். கேட்பவள் மேசையில் இருப்பாள். டோன் அக்கா மொட்டைமாடியில் நின்று தன் மொபைலிலிருந்து கூப்பிடுவாள். பேச்சின் நடுவே பொறுப்பாளர் அம்மா, இதற்குள் ஒட்டிச் சரிசெய்திருந்த ஃபைபரின் கேபிளைப் பிடுங்குவார்.

"நீலத்தத்தானே பிடுங்கணும்? வேற எதையாவது பிடுங்கித் தொலச்சுடப் போறேன்."

"நீலம்தாம்மா. பயப்படாம இழுங்க. ஆனா எப்பன்னு என்கிட்ட சொல்லாதீங்க."

மாடியில் காற்று அடித்தது. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்று கூப்பிட்டாள். கேட்பவள் எடுத்தாள்.

"என்ன பேசறது? ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணட்டுமா?"

"எண்ணாதீங்கக்கா. எங்களைக் கூப்பிட்டு யாரும் எண்ணிட்டிருக்க மாட்டாங்க. எதாவது பேசுங்க."

டோன் அக்கா கணவரைப் பற்றி ஆரம்பித்தாள். வேனில் ஹாரன் கெட்டுப்போனதிலிருந்து அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி வாயாலேயே 'பாம் பாம்' என்று கத்துவதையும், பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கத்துவதையும், அதற்காகவே அவர் அதைச் சரிசெய்யாமல் விட்டு வைத்திருக்கிறார் என்று தான் சந்தேகப்படுவதையும் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பு கேட்டது. அந்தப் பெண் சிரித்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

அப்புறம் என்ன ஆனதென்றே தெரியவில்லை, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. "பாவம், அவர் பாத்திரம் கழுவினாக்கூட எனக்கு ஆக மாட்டேங்குது. குழாய்ச் சத்தம் கேட்டா போயி மூடிடறேன். சோப்புக் கையோட என்னையே பாத்துட்டு நிக்கறாரு மனுஷன். என்னன்னு சொல்றது? அந்தப் பொண்ணு மூஞ்சி எனக்குத் தெரியாது. எந்த வீடுன்னு தெரியாது. தெருவுல போறப்போ குழந்தையோட யாராவது வந்தா, இவளா இருக்குமோ, இவளா இருக்குமோன்னு பாக்கறேன். கண்ணு ஓயலம்மா. நீ எப்படிம்மா தினமும் இத்தனை பேரைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போற?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. டோன் அக்கா பதறிப் போய்த் திரையைப் பார்த்தாள். அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"இருக்கேன்கா" என்றாள் கேட்பவள். "கேட்டுட்டுத்தான் இருக்கேன். அம்மா கேபிளைப் பிடுங்கி ரொம்ப நேரமாச்சு. நீங்க ஹாரனைப் பத்திச் சொல்லிட்டிருந்தப்பவே பிடுங்கிட்டாங்க."

டோன் அக்கா தொட்டியடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலை வெற்றி. நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கையில் மொபைலை வைத்துக்கொண்டு அழுதாள். கேட்பவள் வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு எல்லா மேசைகளையும் புதிய வழிக்கு மாற்றினார்கள். பழைய தெருப்பள்ளத்தை மூடித் தார் போட்டும் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணிடமிருந்து அழைப்பு வரும் என்கிற நினைப்பை ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்லாமல் கைவிட்டிருந்த சமயத்தில், ஒரு முற்பகல் அவள் கூப்பிட்டாள். தற்செயலாகவோ என்னவோ, எடுத்தது வேறொரு கேட்பவள். குரலைத் தாழ்த்தி, இந்தத் தடவையும் திரும்பக் கூப்பிட வேண்டாம் என்ற வார்த்தையோடுதான் ஆரம்பித்தாளாம். அன்றைக்கே அவளையும் குழந்தையையும் கூட்டி வர ஆள் போனது. வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மையத்தில் நடப்பதை வெளியாட்களிடம் பேசுவதில்லை. அதனால் ஜன்னலோர மேசைக்காரி டோன் அக்காவைப் படியிலேயே நிறுத்தி, சொல்ல வேண்டியதை மட்டும் சொன்னாள்.

"வந்துட்டாக்கா. இப்போ பத்திரமா இருக்கா."

டோன் அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "நெஜமாவா? நல்லா இருக்காளா?"

"இடது கையில கட்டு போட்டிருக்கு. முன்னாடி கூப்பிட்டப்போ அது இல்லையாம்."

"கட்டா?"

"நடுவுல நடந்தது." சுவரைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தாள். "ஏன் இத்தனை நாளா கூப்பிடலன்னு கேட்டதுக்கு, 'நீங்களே வச்சுட்டீங்கன்னு நெனச்சேன்'னாளாம். 'நான் ரொம்பப் பேசறேன்னு வச்சுட்டீங்கன்னு நெனச்சேன்'னு."

இரண்டு பேரும் படியிலேயே நின்றார்கள். கீழே ஸ்டேஷனரிக் கடையில் யாரோ பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று டோன் அக்கா பொறுப்பாளர் அம்மாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எப்போதும் நின்றபடியே பேசிவிட்டுப் போகிறவள் அவள்.

"அம்மா, நான் இப்போ போட்டிருக்கறது நல்லா இருக்கு. ஆனா இதுவும் ஒருநாள் போகும். ரெண்டு லைனும் ஒண்ணா போகும், இல்ல அந்தக் கம்ப்யூட்டர் நிக்கும், இல்ல அவங்க மொபைல்லயே சார்ஜ் தீரும். அறுந்தே போகாதுன்னு நான் சொன்னா அது பொய்."

"சரி?"

"அதனால பேச ஆரம்பிக்கும்போதே சொல்லிடுங்க. லைன் கட்டாச்சுன்னா அது நாங்க வச்சதில்ல, மறுபடி எப்போ வேணும்னாலும் கூப்பிடுங்க, நாங்க இங்கதான் இருப்போம்னு. யாரு கூப்பிட்டாலும் முதல்ல இதைச் சொல்லுங்க."

பொறுப்பாளர் அம்மா எழுந்துபோய், மேசை மேசையாகக் கேட்பவர்களிடம் சொன்னார். பேசிக்கொண்டிருந்த ஒருத்தி ரிசீவரைக் கையால் மூடிக்கொண்டு தலையாட்டினாள்.

இப்போது அங்கே யார் கூப்பிட்டாலும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். டோன் அக்கா மற்ற ஆபீஸ்களுக்கும் முன்போலவே போய்வருகிறாள். போன வாரம் ஒரு டைல்ஸ் கடையில் இரண்டு லைன் கேட்டார்கள். "மாறும்போது பேசிட்டிருக்கற கால் கட் ஆகும், அதுக்கும் வழி இருக்கு, செய்யட்டுமா?" என்று கேட்டாள். "எதுக்கும்மா, கட்டானா திரும்பக் கூப்பிட்டுக்கறோம்" என்றார் கடைக்காரர். அவருக்கு அது போதும்தான். சாதாரண முறையிலேயே பொருத்திக் கொடுத்துவிட்டு வந்தாள். வருகிற வழியில் ஒரு சிக்னலில், இடது கையில் கட்டோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள். கூடக் குழந்தை எதுவும் இல்லை. இருந்தும், பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் பொறுமையிழந்து கத்துகிற வரைக்கும் டோன் அக்கா வண்டியை எடுக்கவில்லை.